உடையாத முட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானாகச் சொல்லத் தேவையில்லை. நெடுந்தீவு ஆசுப்பத்திரியில் நான் வேலை செய்த காலத்தில் அங்கே மருந்தெடுக்க வந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். "டொக்டர் கத்துவா, பயப்படாதேங்கோ, கடிக்கமாட்டா" என்று வாங்குப் பலகையில் இருக்கிற பழைய நோயாளிகள் புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டும் கத்தினேன்.

அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த காலையிலும் நான் யாருடனோ கத்திக்கொண்டுதான் நின்றேன். தகப்பன் வாசலால் ஓடிவந்தார். கடல் தொழில் செய்கிற மனிதர், கறுத்து மெலிந்த உடம்பு. கையில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பின்னால் தாய், "மாதாவே, மாதாவே" என்று நெஞ்சில் அடித்தபடி. பிள்ளை மட்டும் சத்தமில்லை. வலது கையைப் பனைமட்டைத் துண்டில் வைத்து, கிழித்த சாரத்தால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இடது கையைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"மற்றக் கையிலயும் அடியோ?" என்று விரித்துப் பார்க்கப் போனேன். விடமாட்டேன் என்றாள்.

"அதில முட்டை, டொக்டர்" என்றார் தகப்பன்.

நெடுந்தீவில் வளவுக்கு வளவு கடற்கல் வேலி. சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியது மட்டும்தான். அவர்களுடைய கோழி ஒன்று, வீட்டில் கூடை வைத்திருக்க, அந்த வேலிக்கு அங்கால் போய்க் கல்லிடுக்கில் முட்டையிடுமாம். இவள் வேலியில் ஏறி, முட்டையை எடுத்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை ஊன்றி இறங்கப் பார்த்திருக்கிறாள். ஊன்றின கல் புரண்டுவிட்டது. கல்லோடு பிள்ளையும் விழுந்தாள். கை முறிந்தது, முட்டை உடையவில்லை.

"இந்தா, நான் அதை அப்பாட்டைக் குடுக்கிறன். களவெடுக்கமாட்டன், சரியோ?" என்று சொன்ன பிறகுதான் விரல்களைத் திறந்தாள். தகப்பன் அதை வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

கட்டை அவிழ்த்தேன். முன்னங்கை நடுவில் வளைந்திருந்தது. தோல் கிழியவில்லை. மணிக்கட்டில் நாடி நன்றாக அடித்தது. "பெருவிரலை மேலை தூக்கு பார்ப்பம், குஞ்சு. மற்ற விரலுகளையும் நீட்டு." செய்தாள். நரம்பு தப்பியிருந்தது. இவ்வளவில் ஒரு முறிவு, மாவுக்கட்டுப் போட்டால் சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் முழங்கையைத் தொட்டபோதுதான் அதுவரை அழாத பிள்ளை "ஐயோ அம்மா" என்று அலறியது. முறிந்த இடம் ஓரிடம், அலறுகிற இடம் வேறிடம். முழங்கை மடிப்பின் முன்பக்கத்தில் என் விரலுக்கு ஒரு உருண்டை தட்டுப்பட்டது. அது அங்கே இருக்கவேண்டிய பொருள் அல்ல.

முன்னங்கையில் இரண்டு எலும்புகள். ஏணியின் இரண்டு கால்கள் மாதிரி, மேலேயும் கீழேயும் ஒன்றோடொன்று பிணைத்துக் கிடக்கும். ஒரு கால் முறிந்து வளைந்து குறுகினால் மற்றது சும்மா நிற்க ஏலாது. ஒன்றில் அதுவும் முறியவேண்டும், இல்லையென்றால் பிணைப்பை விட்டுக் கழலவேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஒன்று முறிந்திருந்தது, மற்றது முழங்கையில் கழன்றிருந்தது. முறிவு கண்ணுக்குத் தெரியும், கழன்றது தெரியாது. முறிவை மட்டும் பார்த்துக் கட்டுப்போட்டு அனுப்பினால் எலும்பு அழகாகப் பொருந்திவிடும். ஆனால் உள்ளங்கை வாழ்நாள் முழுக்க மேலே பார்த்துத் திரும்பாது.

இதைத் தாய்க்குச் சொன்னேன். அவ கேட்டுவிட்டு, "பச்சிலைப் புக்கை கட்டினாச் சரிவராதோ, டொக்டர்? என்ர தமையனுக்கு அப்பிடித்தான் ஒட்டினது" என்றா.

"முறிஞ்ச எலும்பு நீங்கள் என்னத்தைக் கட்டினாலும் ஒட்டும். கழண்ட எலும்பு அதுபாட்டுக்குத் திரும்பிப் போகாது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், மயக்கி, இழுத்து உள்ளுக்கை விடவேணும். இண்டைக்கே. வீங்கிப்போனாப் பிறகு கஷ்டம். இண்டைக்குச் செய்யாட்டி இந்தக் கையாலை இவ ஒரு சாமானையும் ஏந்தி வாங்கமாட்டா. விளங்கிச்சோ?"

தகப்பன் தன்னுடைய வலது கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்த்தார். கவிழ்த்தார். மறுபடி திருப்பினார்.

"இன்னொண்டு. மயக்கம் குடுக்கிறதெண்டா வயிறு வெறுமையா இருக்கவேணும். தண்ணிகூடக் குடுக்கக்கூடாது. ஒரு சொட்டு."

"தண்ணியுமோ?" என்றா தாய். "கடல் தாண்டவேணுமே, டொக்டர்!"

அந்தத் தீவில் அது ஒரு சட்டம். பிள்ளையை வெறும் வயிற்றோடு படகில் ஏற்றமாட்டார்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் கடல் ஆட்டினாலும் தலை சுற்றாது, வாந்தி வராது என்பது அவர்கள் கணக்கு. மாப்பிள்ளையைக்கூட ஏதாவது கொறிக்கவைத்துத்தான் கரையை விட்டு அனுப்புவார்கள். நான் இந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டு, எத்தனையோ தரம் "விசர்க்கதை" என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன்.

அன்று எனக்கு லீவு தொடங்குகிற நாள். புளியங்கூடலுக்கு, வீட்டுக்குப் போக இருந்தேன். எப்படியும் எனக்கும் அவர்களுக்கும் அதே மத்தியானப் படகுதான். கையை அசையாமல் திரும்பக் கட்டி, நோவுக்கு ஊசி போட்டு, யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குத் துண்டுக் கடிதம் எழுதினேன். படம் எடுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து விழவேண்டும் என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பிறகு நானும் கூடவே வெளிக்கிட்டேன். துண்டை நம்பலாம், படகில் வருகிற சனத்தை நம்ப ஏலாது.

இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த நேரம் தகப்பன் தேத்தண்ணிக் கடைப்பக்கம் போனார். பாவம், காலையிலிருந்து ஓடித் திரிகிற மனிதன், ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படகில் நான் பயந்தது போலவே நடந்தது. பிள்ளையின் கட்டைக் கண்டதும் சனத்துக்கு ஈரல் உருகிவிட்டது. ஒரு அக்கா பையைத் திறந்து பணிஸ் எடுத்தா. இன்னொருத்தி சோடாப் போத்தலை நீட்டினா. பின்னால் இருந்து ஒரு கை வாழைப்பழத்தோடு வந்தது.

"ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக்கூடாது!" என்று எழுந்து நின்றேன். "பிள்ளைக்கு ஒப்பறேசன். தின்னக் குடுத்தா மயக்கத்திலை சத்தியெடுத்து நெஞ்சுக்குள்ளை போகும். ஆளே முடிஞ்சிடும்."

"ஒரு வாய் பணிசாலை என்ன வரப்போகுது?" என்றா பணிஸ்கார அக்கா. "முகத்தைப் பாருங்கோ, வாடிப்போச்சு."

"வாடட்டும்."

"கல்நெஞ்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் பிள்ளைக்கும் பைகளுக்கும் நடுவில் வீட்டுநாய் மாதிரிக் குந்திக்கொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்து, "டொக்டர், நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே காலையிலிருந்து ஒரு பிளேன்ரீ மட்டும்தான் உள்ளே போயிருந்தது.

கரை மறைந்ததும் கடல் குழம்பத் தொடங்கியது. சோளகக் காற்றுக்காலம். படகு ஏறி விழுந்தது, சரிந்து நிமிர்ந்தது. இரண்டு வருடமாக அந்தக் கடலில் போய்வந்தவள் நான். எனக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிர். நடுக்கடலில் வாய்க்குள் உப்பு ஊறியது. சத்தியெடுக்க எழுந்து ஓரத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு குறிகட்டுவான் துறை கண்ணில் தெரியும்வரை நான் நிமிரவில்லை. பணிஸ்கார அக்காதான் என் தலையைப் பிடித்துக்கொண்டா. "இதுக்குத்தான் வெறும் வயித்தோட ஏறக்கூடாதெண்டு சொல்லுறது" என்று முதுகைத் தடவினா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் வாயைத் திறந்தால் வேறுதான் வந்தது.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. புங்குடுதீவைத் தாண்டி, வேலணையைத் தாண்டி, பாலத்தால் போனோம். பிள்ளை ஜன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாந்தியும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை. ஏன் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

பெரியாசுப்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு வைத்தியர் திரையில் தெரிந்த படத்தில், கழன்ற எலும்பின் நடுவால் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு எந்தப் பக்கத்தால் எடுத்த படத்திலும் மேற்கை எலும்பின் நுனி உருண்டையில் போய் முட்டவேண்டும். முட்டவில்லை, அதற்கு மேலால், வெறும் இடத்தில் போனது. "நல்லகாலம், நேரத்தோட கொண்டுவந்தியள்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லுவானேன்.

பின்னேரமே ஒப்பறேசன் தியேட்டருக்கு எடுப்பதாக முடிவானது. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தா. மெல்லிய குரல், அவசரமே இல்லாத பெண்.

"பிள்ளை கடைசியா எப்ப சாப்பிட்டவ?"

"விடியப் பாணும் சம்பலும்" என்றா தாய். "பிறகு பச்சைத் தண்ணியும் இல்லை."

"நான் சாட்சி" என்றேன். "படகு முழுக்கச் சண்டை பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

அவ சிரித்துவிட்டு எழுதிக்கொண்டா. பிள்ளையிடமும் கேட்டா. பிள்ளை தகப்பனைப் பார்த்தது. பிறகு இல்லை என்று தலையாட்டியது. பிள்ளையைப் படுக்கவைத்த வண்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். தாய் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டா. நான் இரண்டு அடி பின்னால் நடந்தேன். தியேட்டர் கதவு திறந்தது.

அப்போது தகப்பன் வந்து வண்டிலுக்கு முன்னால் நின்றார். அன்று முழுவதும் பத்துச் சொல் பேசாத மனிதன். இரண்டு கையாலும் வண்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"விலகுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்றேன்.

"டொக்டர், முட்டை குடுத்தனான்."

"என்ன?"

"அந்த முட்டை. தேத்தண்ணிக் கடையிலை அவிச்சு எடுத்தனான். நீங்கள் சத்தியெடுக்கப் போன நேரம், இவவும் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு இருக்கேக்கை, குடுத்தனான். முழு முட்டை. சொல்லாதை எண்டு பிள்ளைக்கும் நான்தான் சொன்னனான்."

தாய் வாயில் கை வைத்தா. அதுவரைக்கும் நான் பயந்ததெல்லாம் கைக்காக. இப்போதுதான் பிள்ளைக்காகப் பயந்தேன். மூச்சுக்குழாய்க்குள் முட்டை போயிருந்தால்? நான் சாட்சி வேறு சொல்லியிருந்தேன்! சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தேன். கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை.

மயக்க டொக்டர்தான் அவருக்குக் கிட்டப் போனா. "சொன்னது பெரிய உதவி, ஐயா. இண்டைக்கு வேண்டாம். நோவும் பயமும் உள்ள பிள்ளைக்கு வயிறு ஆறுதலா, மெல்லத்தான் வேலைசெய்யும். நாளைக்கு விடியச் செய்வம்."

அவர் அவவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்கள் இண்டைக்கே எண்டு சொன்னனீங்கள். இண்டைக்குச் செய்யாட்டிக் கை திரும்பாதெண்டு. அதாலைதான் சொல்லாமல் நிண்டனான். கை போயிடுமெண்டு." வண்டில் கம்பியை அவர் இன்னும் விடவில்லை. "கதவு திறந்த உடனை மறைக்க ஏலாமப் போச்சுது, டொக்டர். இப்ப கை போயிட்டுதோ?"

"இல்லை, அண்ணை" என்றேன். "நாளைக்கும் செய்யலாம்."

அதைச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். பிள்ளை வண்டிலில் படுத்தபடி, "அப்பா அழாதேங்கோ, முட்டை நல்ல ருசி" என்றாள்.

நான் அன்று புளியங்கூடலுக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலேயே தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டு விடியப் போய் உள்ளே நின்றேன். கை முந்தினநாளை விட வீங்கியிருந்தது. எலும்பு வைத்தியர் முறிந்த எலும்பை இழுத்து நேராக்கினார். பிறகு முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே திருப்பி, அந்த உருண்டையில் பெருவிரலை வைத்து அழுத்தினார். முதல் தரம் போகவில்லை. இரண்டாம் தரமும் போகவில்லை. வெட்டித் திறக்கவேண்டி வருமோ என்று அவர் சொல்லிக்கொண்டே இன்னொரு தரம் இழுத்தார். உள்ளே ஏதோ இறங்கியது அவர் முகத்தில் தெரிந்தது. படத்தில் இப்போது கோடு போய் முட்டியது. உள்ளங்கை மேலே பார்த்தபடியே இருக்க, தோள்மூட்டுக்குக் கிட்டவரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கண் முழித்த பிள்ளை கையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏன் என்ர கை பிச்சை கேக்கிறமாதிரிக் கிடக்கு?"

அவள் கேட்டது பலித்துவிட்டது. கட்டோடு தீவுக்குத் திரும்பியபோது, படகில் அந்தக் கையைக் கண்ட ஒவ்வொருத்தரும் அதில் ஏதாவது வைத்தார்கள். ரொபி மிட்டாய், விசுக்கோத்து, கச்சான் கடலை. கோயிலுக்குப் போனால் அங்கேயும். கட்டுப் பார்க்க என்னிடம் கொண்டுவந்த நாளில் மாவுக்கட்டின் இடுக்கில் எறும்பு ஊர்ந்தது. உள்ளே ஒரு ரொபி உருகி ஒட்டிக் கிடந்தது. அன்றைக்கு வாங்கில் இருந்த எல்லாருக்கும் சேர்த்துக் கத்தினேன். பழைய குரல் திரும்பி வந்ததில் எனக்கே ஒரு ஆறுதல்.

கட்டு வெட்டின பிறகுதான் மெய்யான கவலை தொடங்கியது. கை குச்சியாக மெலிந்திருந்தது. முழங்கை மெல்ல மெல்ல நீண்டது. உள்ளங்கையை ஒருவாறு கவிழ்க்கவும் செய்தாள். ஆனால் மேலே திருப்பச் சொன்னால் பாதியில் நின்றது. இத்தனை நாள் மேலே பார்த்தே கிடந்த கை, கவிழ்ந்த பிறகு திரும்பிவர மறுத்தது. பிள்ளைகள் இதில் கள்ளம் செய்வார்கள். தோளைச் சரித்து, இடுப்பை வளைத்து, கை திரும்பினமாதிரிக் காட்டிவிடுவார்கள். இவளும் காட்டினாள். "முழங்கையை விலாவோட ஒட்டு. உடம்பைச் சரிக்காதை. இப்ப திருப்பு" என்றால் பாதியில் நிற்கும், கண் நிறைந்துவிடும்.

"அண்டைக்கே செய்திருந்தாத் திரும்பியிருக்குமோ?" என்று தகப்பன் ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டார். மனைவிக்குக் கேட்காத குரலில்.

"ஒரு இரவாலை ஒண்டும் மாறேல்லை" என்றேன். வைத்தியப்படி அது உண்மை. ஆனால் அந்தக் கை திரும்பும்வரை அவர் அதை நம்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க எனக்கும் வாய் வரவில்லை. "கையைப் பிடிச்சு இழுத்து முறுக்காதேங்கோ. அவவாத் திருப்பவேணும். ஒவ்வொருநாளும் விளையாட்டாச் செய்யவிடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவர்கள் கிளினிக்குக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். "வருவினமாம்" என்று பதில் வந்தது. கோபம் கோபமாக வந்தது. கை திரும்பாமலே நின்றுவிட்டது, அதைக் காட்ட மனமில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த லீவுக்கு இறங்குதுறைக்குப் போனேன். அதே மத்தியானப் படகு, அதே காற்று. வழக்கம்போல வெறும் வயிறு. படகில் காலை வைக்கப் போக, பின்னால் "டொக்டர்! டொக்டர்!" என்று சத்தம். தேத்தண்ணிக் கடைப்பக்கமிருந்து பிள்ளை வந்தாள். ஓடி வரவில்லை. கவனமாக, அடி அடியாக நடந்துவந்தாள். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. தோள் சரியவில்லை, இடுப்பு வளையவில்லை. நீட்டின உள்ளங்கை வானத்தைப் பார்த்துத் தட்டையாக இருந்தது. அதன் நடுவில், உரித்த முட்டை ஒன்று.

எனக்கு முன்னால் வந்து நின்றாள். காற்று அவள் சட்டையை அடித்தது. முட்டை அசையவில்லை.

"வெறும் வயித்தோட ஏறாதேங்கோ, டொக்டர்" என்றாள்.

தகப்பன் கடை வாசலில் நின்றார். கிட்ட வரவில்லை. படகுக்காரன் கயிற்றைக் கழற்றிக்கொண்டு, "ஏறுங்கோ டொக்டர், நேரம் போயிட்டுது" என்று கத்தினான்.

"பொறும்!" என்று அவனுக்குத் திருப்பிக் கத்திவிட்டு, அந்தக் கையிலிருந்து முட்டையை எடுத்து, அங்கேயே நின்று சாப்பிட்டேன்.